ஆன்லைனில் வாங்கிய கணினி பழுதானால்: வாரண்டியைக் கேட்டுப் பெறும் வழி

பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காக லேப்டாப் வாங்குவது இன்று நம் குடும்பங்களின் பெரிய செலவுகளில் ஒன்றாகிவிட்டது. நகையை விற்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சஃபரில் இருக்கும் மகனோ மச்சானோ அனுப்பிய பணத்தில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அறக்கட்டளை தரும் கல்வி உதவித் தொகையோடு கைப்பணத்தையும் சேர்த்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கடைவீதியைவிட விலை குறைவு என்பதால் பலரும் ஆன்லைனில்தான் வாங்குகிறோம்.

பொருள் நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பழுதாகிவிட்டால், யாரிடம் போய் நிற்பது என்பதே தெரியாமல் தவிக்கிறோம். தெருமுனைக் கடையில் வாங்கியிருந்தால் நேரில் போய்க் கேட்கலாம். ஆன்லைனில் வாங்கியதற்குக் கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. போனில் பேசுபவர் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர். இரண்டு மூன்று முறை அலைந்துவிட்டு, "நம் நஸீபு அவ்வளவுதான்" என்று பொருளை மூலையில் வைத்துவிடுகிறோம். அல்லது உள்ளூரில் காசு கொடுத்துச் சரிசெய்து கொள்கிறோம்.

எங்கள் உதவி மையத்துக்கு இப்படி வருபவர்களிடம் நாங்கள் காண்பது ஒன்றுதான். சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் நாள் தவறியிருக்கும், அல்லது கையில் எழுத்தாக எதுவும் இருக்காது. வாரண்டி என்பது கம்பெனி காட்டும் தயவு அல்ல. நாம் கொடுத்த விலைக்குள் அடங்கியது அது. அதைக் கேட்டுப் பெறத் தேவையானவை மூன்று: சரியான ஆளிடம், சரியான நாளுக்குள், எழுத்தில் கேட்க வேண்டும்.

யார் பொறுப்பு?

ஆன்லைனில் ஒரு பொருள் வாங்கும்போது நம் எதிரே மூன்று தரப்புகள் இருக்கின்றன. முதலாவது, நாம் பணம் கட்டிய வலைத்தளம். இரண்டாவது, அந்தத் தளத்தில் பொருளை விற்றவர். பில்லில் இருப்பது பெரும்பாலும் இவர் பெயர்தான். மூன்றாவது, பொருளைத் தயாரித்த கம்பெனி. பழுது என்றதும் இந்த மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதுதான் நம் அலைச்சலுக்கு முதல் காரணம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், ஆன்லைன் வணிகத்துக்கென்றே 2020 ஜூலையில் தனி விதிகள் வந்தன. அவற்றில் நாம் அறிய வேண்டியவை சில உண்டு.

பொருள் குறைபாடு உடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், விற்றவர் அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. "கம்பெனியிடம் போங்கள், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் முழுவதுமாக விலகிக்கொள்ள முடியாது.

விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றையும், ரிட்டர்ன், ரீஃபண்ட், வாரண்டி நிபந்தனைகளையும் வலைத்தளம் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு புகார் எண் தர வேண்டும். குறை தீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். அந்த அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

கஸ்டமர் கேரில் போன் எடுப்பவரும் குறை தீர்க்கும் அதிகாரியும் ஒருவர் அல்ல என்பதைக் கவனியுங்கள். நம்மில் பலர் கஸ்டமர் கேரோடு நின்றுவிடுகிறோம். அதிகாரியின் விவரம் பெரும்பாலும் தளத்தின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும். தேடி எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கெடுக்கள்

ரிட்டர்ன் காலம் வேறு, வாரண்டி காலம் வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ரிட்டர்ன் காலம் என்பது பொருள் கைக்கு வந்த முதல் சில நாட்கள். கணினிப் பொருட்களுக்குப் பல தளங்களில் இது 7 நாள் அல்லது 10 நாள். இந்தக் காலத்துக்குள் பழுது தெரிந்தால் வேறு புதுப் பொருளோ பணமோ கேட்கலாம். சில பொருட்களுக்கு "மாற்றித் தருவோம், பணம் தரமாட்டோம்" என்று நிபந்தனை இருக்கும். வாங்கும் முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

வாரண்டி காலம் என்பது தயாரித்த கம்பெனி தரும் உத்தரவாதம். லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 1 ஆண்டு. பெட்டியோடு வரும் பிராசசருக்குப் பொதுவாக 3 ஆண்டு. ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. போன்றவற்றுக்கு மாடலைப் பொறுத்து 2 முதல் 5 ஆண்டு வரை இருக்கும். இந்தக் காலத்தில் கம்பெனி பொதுவாகப் பழுது பார்த்துத் தரும் அல்லது அதே தரத்தில் வேறு ஒன்று தரும். மாற்றித் தரும் ஹார்ட் டிஸ்க் புத்தம் புதியதாக இல்லாமல், கம்பெனி சரிசெய்து பரிசோதித்த ஒன்றாகவும் இருக்கலாம்.

ஆகவே, புதுப் பொருள் வேண்டுமென்றால் முதல் வாரம்தான் நமக்குப் பொன்னான காலம். "பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்", "பெருநாள் முடியட்டும்" என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் அந்தக் காலத்தைத் தாங்களே கடத்திவிடுகிறார்கள். பொருளை எப்போது பிரித்தோம் என்பது கணக்கில் வராது. டெலிவரி ஆன நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கிவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வாரண்டி "பிராண்டு வாரண்டி"யா, "விற்பனையாளர் வாரண்டி"யா என்று பாருங்கள். பழையதைப் புதுப்பித்து விற்கும் லேப்டாப்புகளுக்குப் பெரும்பாலும் விற்பனையாளர் வாரண்டிதான் இருக்கும். அதைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் எதுவும் கேட்க முடியாது.

சந்தை விலையைவிட மிகக் குறைவாக இருக்கும் ஹார்ட் டிஸ்க், பெட்டி இல்லாமல் "ட்ரே" என்று விற்கப்படும் பிராசசர் ஆகியவற்றில் கவனம் தேவை. இவை கணினி தயாரிப்பவர்களுக்காக மொத்தமாக அனுப்பப்பட்டவையாக இருக்கலாம். அப்படிப்பட்டவற்றுக்குத் தயாரிப்புக் கம்பெனி நமக்கு நேரடியாக வாரண்டி தருவதில்லை.

பில் யார் பெயரில் வருகிறது என்பதும் முக்கியம். நுகர்வோர் சட்டம் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கானது. வியாபார நோக்கத்துக்கு வாங்கினால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தினால், அது வியாபார நோக்கமாகக் கருதப்படாது. வீட்டிலிருந்து டி.டி.பி. வேலை செய்யும் சகோதரிக்கும், சிறிய அளவில் ஜெராக்ஸ் கடை வைத்துத் தானே கணினியில் உட்காரும் சகோதரருக்கும் இது பொருந்தும். எனினும் தம்பியின் படிப்புக்காக வாங்கும் லேப்டாப்பை, வரிச் சலுகைக்காகக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் வாங்குவது பின்னால் சிக்கலைத் தரும்.

பெட்டி வந்ததும்

பெட்டியைப் பிரிப்பதை ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுங்கள். முகவரிச் சீட்டும் சீலும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு பிரிக்க வேண்டும். உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, பொருளின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரையும் பதிவு செய்ய வேண்டும். பெட்டியில் வேறு பொருள் இருந்தாலோ, உடைந்திருந்தாலோ, நம்மிடம் இருக்கும் வலுவான ஆதாரம் இதுதான். டெலிவரி செய்பவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கும் வசதி இருந்தால், பார்த்துச் சரி என்று உறுதி செய்த பிறகுதான் ஓ.டி.பி. சொல்ல வேண்டும்.

பெட்டி, தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை எதையும் ரிட்டர்ன் காலம் முடியும்வரை வீசக் கூடாது. மதர்போர்டு வாங்கியவர்கள், பிராசசர் பொருத்தும் இடத்தை மூடியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். திருப்பி அனுப்பும்போது அந்த மூடி இல்லை என்பதற்காகவே ஏற்க மறுப்பது உண்டு. அதோடு, பிராசசரைப் பொருத்தும் முன் அந்த இடத்தை அருகிலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். "பின் வளைந்திருக்கிறது, நீங்கள்தான் வளைத்தீர்கள்" என்று பின்னால் சொன்னால் அந்தப் படம் பேசும்.

சீரியல் நம்பரை அந்தக் கம்பெனியின் சொந்த வலைத்தளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று காட்டும். இதை முதல் நாளே செய்யுங்கள். அந்த எண்ணே இல்லை என்று வந்தாலோ, வேறு நாட்டுக்கான பொருள் என்று காட்டினாலோ, உடனே ரிட்டர்ன் போட்டுவிடலாம். நாம் வாங்கிய தேதிக்கு முன்பே வாரண்டி தொடங்கிவிட்டதாகக் காட்டினால், பில்லை அனுப்பித் தேதியைத் திருத்தச் சொல்லலாம்.

முதல் வாரத்தில் சோதிப்பது எப்படி?

லேப்டாப்பைத் திறந்து படம் தெரிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும் ஓட்டுங்கள். எல்லா யு.எஸ்.பி. துளைகளிலும் பென்டிரைவ் போட்டுப் பாருங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை, கீபோர்டின் ஒவ்வொரு விசை என்று எல்லாவற்றையும் சரிபாருங்கள். திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்தால், அணையாத அல்லது எரியாத புள்ளிகள் தெரிந்துவிடும். ஓரிரு புள்ளிகள் இருந்தால் வாரண்டியில் அதைக் குறையாக ஏற்காத கம்பெனிகள் பல. எனவே ரிட்டர்ன் காலத்திலேயே அதைப் பிடித்துவிட வேண்டும்.

கணினி அடிக்கடி நின்றுபோனால், பழுது மென்பொருளிலா, உதிரிப்பாகத்திலா என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. ரேமைச் சோதிக்க "மெம்டெஸ்ட் 86" என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது பிழை காட்டினால், இரண்டு ரேம் இருக்கும் கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டி எது கெட்டது என்று கண்டுபிடிக்கலாம். ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. நிலையை அறிய "கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" என்ற இலவச மென்பொருள் உதவும். இவை காட்டும் பிழையைப் படம் பிடித்துப் புகாரோடு அனுப்பினால், "விண்டோஸை மறுபடி போட்டுப் பாருங்கள்" என்று நாட்களைக் கடத்தும் பதில்கள் குறையும்.

ஆனால் லேப்டாப்பை நாமே கழற்றக் கூடாது. பக்கத்துக் கடையில் கொடுத்துத் திறக்கவும் கூடாது. திறந்த அடையாளம் இருந்தால் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுப்பார்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள்

போனில் சொன்னது காற்றோடு போகும். தளத்தில் நம் ஆர்டர் பக்கத்துக்குள் போய் ரிட்டர்ன் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். அதோடு மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும். போனில் பேச நேர்ந்தால், பேசி முடித்தவுடன் "இன்ன தேதி இன்ன நேரத்தில் உங்கள் பிரதிநிதியிடம் பேசினேன், இப்படிச் சொன்னார்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். சாட்டில் பேசியதைப் படம் பிடித்து வையுங்கள்.

புகாரில் கோபமும் நீண்ட கதையும் வேண்டாம். இந்த அளவு போதும்:

"எனது ஆர்டர் எண் இது. பில் எண் இது. இந்தத் தேதியில் லேப்டாப் கிடைத்தது. இதன் சீரியல் நம்பர் இது. இந்தத் தேதியிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக அணைந்துவிடுகிறது. நாளொன்றுக்கு நான்கைந்து முறை இப்படி ஆகிறது. வீடியோவும் படங்களும் இணைத்துள்ளேன். பொருள் குறைபாடு உடையது. ரிட்டர்ன் காலத்துக்குள் தெரிவிக்கிறேன். மாற்றிப் புதியது தரவும். இயலாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தரவும். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்."

என்ன பழுது, எப்போதிலிருந்து, நமக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை வைத்து எழுதச் சொல்லலாம்.

பொருளை அனுப்பும் முன்

லேப்டாப்பில் நம் வீட்டுப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ், ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் இருக்கும். அனுப்பும் முன் தேவையானவற்றை வேறு இடத்தில் நகலெடுத்துக்கொண்டு, கணினி ஓடும் நிலையில் இருந்தால் எல்லாவற்றையும் அழித்து, நம் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட வேண்டும். பெண்கள் பயன்படுத்தும் கணினிகளில் இது மிக அவசியம். சர்வீஸ் சென்டரில் பழுது பார்க்கும்போது உள்ளே இருப்பது அழிந்தால் அதற்குக் கம்பெனி பொறுப்பேற்காது. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கை மாற்றித் தரும் வாரண்டியும், அதில் இருந்த தகவலை மீட்டுத் தராது.

தளமே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதையே கேளுங்கள். லேப்டாப் பேட்டரியை எல்லாக் கூரியரிலும் ஏற்கமாட்டார்கள் என்பதால் நாமாக அனுப்புவது சிரமம். பெட்டியில் வைப்பதையும் மூடுவதையும் வீடியோ எடுங்கள். எடுத்துச் செல்பவரிடம் ஒப்புகைச் சீட்டோ குறுஞ்செய்தியோ பெறாமல் பொருளைக் கொடுக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், என்ன பழுது, வெளியே கீறல் உண்டா இல்லையா, சார்ஜர் கொடுத்தோமா என்பதெல்லாம் எழுதிய ஜாப் ஷீட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

"உங்களால்தான் கெட்டது" என்றால்?

தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது, மின் அழுத்தத்தால் கருகியது, வெளியாள் கழற்றியது ஆகியவை வாரண்டியில் வராது. இது நியாயமான நிபந்தனைதான். ஆனால் இதையே காரணமாகச் சொல்லித் தட்டிக்கழிப்பதும் நடக்கிறது.

எங்கள் உதவி மையத்துக்கு வந்த ஒன்றைச் சொல்கிறோம். கணவரை இழந்து தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி, கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் மகளுக்கு ஆன்லைனில் லேப்டாப் வாங்கினார். எட்டாவது நாளே அது தானாக அணையத் தொடங்கியது. ரிட்டர்ன் காலம் 10 நாள். மகள் போன் செய்து கேட்டபோது, "அப்டேட் செய்து ஒரு வாரம் பாருங்கள்" என்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்றார்கள். சர்வீஸ் சென்டரில், "மதர்போர்டில் தண்ணீர் பட்ட தடம் இருக்கிறது" என்று சொல்லி, லேப்டாப் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். மகளுடைய இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும் அதற்குள் இருந்தது.

நாங்கள் செய்தது பெரிய காரியம் எதுவும் இல்லை. மகளுடைய போனில் அந்த எட்டாம் நாள் அழைப்பு தேதி, நேரத்தோடு பதிவாகியிருந்தது. அதைப் படம் எடுத்து, நடந்ததைத் தேதி வரிசையில் எழுதி, தளத்தின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பச் சொன்னோம். சர்வீஸ் சென்டருக்கு ஒரு கடிதம்: தண்ணீர் தடம் எங்கே இருக்கிறது என்பதைப் படத்தோடு எழுத்தில் தாருங்கள். அந்தப் படம் வரவே இல்லை. மறுபடியும் சோதித்ததாகச் சொல்லி, பணம் வாங்காமல் மதர்போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஐந்து வாரம் போய்விட்டது. அந்த மகள் தோழியின் கணினியை இரவல் வாங்கிப் புராஜெக்டை முதலிலிருந்து செய்தாள். எட்டாம் நாளே தளத்தில் எழுத்தில் பதிவு செய்திருந்தால் இந்த ஐந்து வாரமும் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே யாராவது வாரண்டியை மறுத்தால், "காரணத்தை எழுதிப் படத்தோடு கொடுங்கள்" என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். வாயால் எளிதாக மறுப்பவர்கள் கையெழுத்துப் போட்டு மறுக்கும்போது யோசிப்பார்கள்.

தீர்வு கிடைக்காவிட்டால்

குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதியும் ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால், அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி மையம். எண் 1915. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் புகாரைப் பதிவு செய்து நேரடியாகக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். இது நீதிமன்றம் அல்ல. கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இதற்குக் கிடையாது. ஆனாலும் வழக்குக்குப் போகாமலே பல புகார்கள் இங்கே தீர்ந்துவிடுகின்றன.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இங்குதான் நம் மக்கள் அதிகம் தயங்குகிறார்கள். கோர்ட்டு, கேஸ் என்றால் பயம். அந்தப் பயம் தேவையில்லை.

நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனியின் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் டில்லியில் இருந்தாலும் நாம் அங்கே போக வேண்டியதில்லை. 2019 சட்டம் நமக்குத் தந்த பெரிய வசதி இது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நாமே வாதாடலாம். "இ-ஜாக்ரிதி" என்ற அரசு வலைத்தளம் வழியாக வீட்டிலிருந்தே புகாரைத் தாக்கல் செய்யலாம்.

பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும், பொருளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆகலாம். பழுதை நீக்கித் தரவும், புதிதாக மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காதவர்களுக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

புகாரில் விற்றவர், வலைத்தளம், தயாரிப்புக் கம்பெனி என மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர்கள் அவர் மீது பழியைப் போட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வருபவை

துபையிலிருந்தும் சவூதியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சபுராளிகள் லேப்டாப் கொண்டு வருவது நம் ஊர்களில் வழக்கம். அங்கே ஆன்லைனில் வாங்கியதற்கு நம் நாட்டு ரிட்டர்ன் விதி எதுவும் பொருந்தாது. வாரண்டியும் எல்லா மாடலுக்கும் எல்லா நாட்டிலும் செல்லாது. சில லேப்டாப்புகளுக்கு உலகளாவிய வாரண்டி உண்டு. பலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான். எனவே அங்கே இருக்கும்போதே இந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி உண்டா என்று கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். வாங்கியவுடன் பெட்டியில் மூடி வைக்காமல், ஊருக்குப் புறப்படும் முன்பே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும்.

மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்

பொருள் பழுதாகிப் பதற்றத்தில் இருப்பவர்களைக் குறிவைத்தே ஒரு கூட்டம் இயங்குகிறது. கூகுளில் கஸ்டமர் கேர் எண் என்று தேடினால் போலி எண்களும் வரும். எண்ணை எப்போதும் அந்தத் தளத்தின் செயலிக்குள்ளோ, பில்லிலோ மட்டும் பாருங்கள்.

பணம் நமக்குத் திரும்ப வருவதற்கு யு.பி.ஐ. பின் போட வேண்டியதே இல்லை. கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. அப்படிக் கேட்டால் அவர் மோசடிக்காரர். "ரீஃபண்ட் அனுப்ப இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று சொல்லி நம் போனையே தூரத்திலிருந்து இயக்குபவர்களும் உண்டு. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

நாமும் நேர்மையாக இருப்போம்

நம் கையால் தேநீர் சிந்திக் கெட்டுப்போன லேப்டாப்பைத் துடைத்துக் காயவைத்து, "தானாகவே நின்றுவிட்டது" என்று வாரண்டியில் கொடுப்பதும், பழைய ரேமைப் புதிய பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புவதும் அமானிதத்துக்கு மாறானவை. குறையை மறைத்து விற்பது எப்படிக் கூடாதோ, அப்படியே குறையை மறைத்துத் திருப்பிக் கொடுப்பதும் கூடாது. இப்படிச் சிலர் செய்வதால்தான் உண்மையாகவே பாதிக்கப்பட்டு வருபவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள்.

உண்மையான குறைக்கு உரிமையைக் கேட்பதில் கூச்சமோ பயமோ வேண்டாம். இன்று வீட்டில் லேப்டாப்போ கணினியோ இருப்பவர்கள் ஒரு சிறிய வேலையைச் செய்துவிடுங்கள். பில்லைப் படம் எடுங்கள். சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். வாரண்டி முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் பழுது வரும் நாளில் பாதி வேலை முடிந்ததாகிவிடும்.

புகார் எழுதவும், ஆணையத்தில் தாக்கல் செய்யவும் உதவி தேவைப்படுபவர்கள், பில், ஆர்டர் விவரம், இதுவரை நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் நகலோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் கட்டணமின்றி உதவக் காத்திருக்கிறோம்.